பாமாயில்: ஒதுக்குவதா, கேள்வி கேட்டு வாங்குவதா?

2010 மார்ச்சில் இணையத்தில் ஒரு காணொளி வெளியானது. அலுவலகத்தில் ஒருவர் கிட்கேட் உறையைப் பிரிக்கிறார். உள்ளே சாக்லேட்டுக்குப் பதில் ஒராங்குட்டானின் விரல். கவனிக்காமல் கடிக்கிறார். இந்தோனேசியக் காடுகளை அழித்த தோட்ட நிறுவனத்தின் பாமாயிலை நெஸ்லே வாங்குகிறது என்று குற்றம்சாட்ட கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு எடுத்த படம் அது. நெஸ்லே அதை நீக்க முயன்றதும் இன்னும் வேகமாகப் பரவியது. காடழிப்போடு தொடர்புள்ளவர்களிடம் இனி வாங்குவதில்லை என்று இரண்டே மாதத்தில் நெஸ்லே அறிவித்தது.

பலர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், பாமாயிலே வேண்டாம் என்பது. 2015 ஜூனில் பிரான்சின் சுற்றுச்சூழல் அமைச்சர் செகோலென் ருவாயால், பாமாயில் சேர்ந்த நூட்டெல்லா சாக்லேட் களிம்பைச் சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். சர்ச்சை கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். நூட்டெல்லா தயாரிக்கும் ஃபெரேரோ அதற்கு முன்பே சான்றிதழ் பெற்ற பாமாயிலுக்கு மாறியிருந்தது.

பாமாயிலை ஒதுக்கினால் காடு பிழைக்குமா? கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை ஆண்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. அதே நிலத்தில் சூரியகாந்தி ஒரு டன்னைக்கூட எட்டாது. சோயா அரை டன் அளவில் நின்றுவிடும். பாமாயிலின் இடத்தை வேறு எண்ணெய்களால் நிரப்ப ஒன்பது மடங்கு வரை நிலம் தேவைப்படலாம் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018-ல் கணித்தது. போர்னியோவில் விழாத கோடரி தென் அமெரிக்காவில் விழும்.

உணவு, சோப்பு உற்பத்தியாளர்களும் பாமாயிலை எளிதில் விடமாட்டார்கள். அறை வெப்பத்தில் பாதி கெட்டியாக நிற்கும், பொரித்தாலும் சீக்கிரம் கெடாது, விலையும் குறைவு. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சோப்பு உறையில் ‘சோடியம் பாமேட்’ என்று இருந்தாலும் அதே பனைதான்.

அதனால் பாமாயில் குற்றமற்றது என்று ஆகிவிடாது. உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. சுமத்ரா, போர்னியோ தீவுகளில் காடு வெட்டப்பட்டது. மட்கிய தாவரங்கள் படிந்த கரிச்சேற்று நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். காய்ந்த அந்த நிலம் 2015-ல் மாதக்கணக்கில் எரிந்தது. இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் தீக்கிரையானது. புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. எல்லாத் தீயும் பனைக்காக மூட்டியதல்ல, ஆனால் தோட்ட விரிவாக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

நல்ல எண்ணெயைப் பிரித்தறிய 2004-ல் தோன்றியது ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு. தோட்டக்காரர்கள், வணிகர்கள், சூழல் அமைப்புகள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். இன்று உலக பாமாயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் சான்றிதழ் பெற்றது. ஆனால் முத்திரை இருப்பதாலேயே புட்டிக்குள் இருப்பது சான்றிதழ் பெற்ற தோட்டத்து எண்ணெய்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒரு முறையில் சான்றிதழ் எண்ணெய் கடைசிவரை தனியாகவே வரும். இன்னொரு முறையில் இரண்டு வீட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றிவிட்டு, கணக்கை மட்டும் தனித்தனியாக எழுதுவது போல நடக்கும்.

தொழிலாளர் நிலையிலும் ஓட்டைகள் உண்டு. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று அழைக்கும் இந்த மரத்தின் தோட்டங்களில் இன்று இந்தோனேசியா, வங்கதேசம், இந்தியா என்று பல நாட்டினர் உழைக்கிறார்கள். கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020-ல் எஃப்.ஜி.வி., சைம் டார்பி ஆகிய இரு பெரிய மலேசிய நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. இரண்டுமே ஆர்.எஸ்.பி.ஓ. உறுப்பினர்கள்.

இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் அழுத்தம் வேலை செய்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய பாமாயில் வணிக நிறுவனமான வில்மர், காடழிப்பு கூடாது, கரிச்சேற்று நிலத்தைத் தொடக்கூடாது, மக்களைச் சுரண்டக்கூடாது என்ற கொள்கையை 2013 டிசம்பரில் ஏற்றது. போட்டி நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. கன்னிக்காடுகளிலும் கரிச்சேற்று நிலங்களிலும் புதிய உரிமங்களுக்கு 2011-ல் விதித்த தற்காலிகத் தடையை இந்தோனேசியா 2019-ல் நிரந்தரமாக்கியது. பனைக்காகக் காடு அழியும் வேகம் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அங்கே வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இந்த அழுத்தத்தைத் தொடங்கியது பெரும்பாலும் ஐரோப்பா. மிக அதிகம் வாங்குவதோ இந்தியா. சமீப ஆண்டுகளில் 75 லட்சம் டன்னிலிருந்து ஒரு கோடி டன் வரை இறக்குமதியாகிறது. பஜ்ஜிக் கடைக்கும் மிக்சர் கம்பெனிக்கும் டின்னில் போகும் எண்ணெயில் முத்திரை பார்த்து வாங்குபவர் யாருமில்லை, விலைதான் பேசுகிறது. சான்றிதழ் எண்ணெய்க்குக் கூடுதலாகக் கொடுக்க ஆளில்லாமல், அதில் கணிசமான பகுதி சாதாரண எண்ணெயாகவே உலகச் சந்தையில் விற்கப்படுகிறது.

ஆகவே இங்கே நுகர்வோர் என்றால் கடை அலமாரி முன் நிற்கும் தனிமனிதர் மட்டுமல்லர். தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை அரசு மொத்தமாக வாங்குகிறது. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என அந்த டெண்டரில் ஒரு நிபந்தனை இருந்தால், லட்சக்கணக்கான வீடுகளின் சார்பில் கேட்ட கேள்வியாக அது இருக்கும். பிஸ்கட், சோப்பு நிறுவனங்களிடமும் இதையே கேட்கலாம்: ஆர்.எஸ்.பி.ஓ. உறுப்பினர்கள் சான்றிதழ் எண்ணெய் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும். அது யாரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது.

உள்நாட்டிலும் கேள்வி எழுந்துவிட்டது. 2021-ல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் அறிவித்த எண்ணெய்ப் பனைத் திட்டம் வடகிழக்கு மாநிலங்களையும் அந்தமானையும் குறிவைக்கிறது. இரண்டுமே காடு அடர்ந்த பகுதிகள். அங்கே கன்று நடுவதற்கு முன், அந்த நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.