ஊதுலைக்குச் சுடுகாற்று எதற்கு?

கொதிக்கிற உலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? கொதி அடங்கிவிடும், மறுபடி பொங்க இன்னும் விறகு வேண்டும். இரும்பு உருக்கும் ஊதுலையிலும் இதே கதைதான். மேலிருந்து இரும்புத் தாதும் கற்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இறங்க, அடியில் குழல்கள் வழியே காற்று சீறி நுழைகிறது. அது குளிர்காற்று என்றால், அதைச் சூடேற்றவே கற்கரியில் ஒரு பங்கு போய்விடும். முன்பே சுட வைத்து அனுப்பினால் அந்தக் கரி மிச்சம்.

ஆனால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் உலைக்காரர்கள் இதை ஏற்கவில்லை. குளிர்காலத்தில்தான் உலை நன்றாக வேலை செய்கிறது, ஆகவே குளிர்காற்றே நல்லது என்றார்கள். அவர்கள் கண்டது சரி. சொன்ன காரணம்தான் தவறு. குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. கோடையில் காற்றோடு வரும் ஈரம் உலையின் சூட்டைத் தின்றுவிடும். 1828-இல் ஜேம்ஸ் போமான்ட் நீல்சன் சுடுகாற்று முறைக்குக் காப்புரிமை பெற்றார். கிளாஸ்கோ அருகே கிளைடு ஆலையில் ஒரு டன் இரும்புக்குச் சுமார் 8 டன் நிலக்கரி செலவானது. சுடுகாற்று வந்ததும் அது சுமார் 5 டன்னாகக் குறைந்தது.

காற்றைச் சுட வைக்கவும் எரிபொருள் வேண்டுமே, இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கொடியடுப்பை நினைத்துப் பாருங்கள். பெரிய அடுப்பின் தீயே பக்கத்துக் கண்ணிலும் பாய்ந்து வெந்நீர் போட்டுவிடும். ஊதுலையின் உச்சியில் வெளியேறும் வாயுவும் எரியக்கூடியதுதான். அதை எரித்து, கோபுரம் போன்ற அடுப்புக்குள் அடுக்கிய செங்கற்களைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். பிறகு அவற்றினூடே காற்றைச் செலுத்துகிறார்கள். இன்றைய பெரிய உலைகளில் காற்று சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. உலையின் சிக்கனம், வீணாகும் சூட்டை விடாமல் பிடிப்பதில்தான் இருக்கிறது.