எழுதப்படாத நாட்களுக்கும் ஒரு வரி

விசுவமடுவில் இறுதிப்போர்க் கால இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டால், கதை இடங்களின் வரிசையிலேயே வரும்: உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். திகதிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நினைவில் இருக்கும். பங்கருக்குள் யாரும் கலண்டர் கொண்டுபோகவில்லை. இப்படிக் கேட்டெழுதிய சாட்சியங்களை ஒழுங்குபடுத்த நான் பயன்படுத்துவது ‘ஆர்’ என்ற கணினி மொழி. நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களில் உருவாக்கிய இந்தப் புள்ளிவிபர மொழியை எவரும் இலவசமாகப் பெறலாம்.

இதில் ‘செக்’ என்றொரு கட்டளை உண்டு. தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, இடைவெளி ஆகிய மூன்றையும் கொடுத்தால் இடைப்பட்ட திகதிகளை வரிசையாகத் தந்துவிடும். 2009 ஜனவரி 1 முதல் மே 18 வரை ஒவ்வொரு நாளாகக் கேட்டால் 138 வரிகள் வரும்.

வெறும் திகதிகள் எதற்கு? சாட்சியப் பட்டியலில் யாரோ சொன்ன நாட்கள் மட்டுமே இருக்கும். சொல்லப்படாத நாள் அதில் இல்லாததால், அது விடுபட்டதே கண்ணுக்குத் தெரியாது. 138 வரிப் பட்டியலோடு சாட்சியங்களைப் பொருத்தினால் அந்த நாட்கள் வெற்றிடமாக முன்னே வந்து நிற்கும். திகதிப் பட்டியலின் எல்லா வரிகளையும் வைத்திருக்கும்படி கட்டளையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெற்று நாட்கள் திரும்பவும் காணாமற்போய்விடும்.

அந்த வெற்றிடங்களில் ஆர் ‘என்ஏ’ என்று எழுதும். அது பூச்சியம் அல்ல. பூச்சியம் என்றால் அன்று எதுவும் நடக்கவில்லை என்று பொருள். என்ஏ என்றால் எங்களுக்குத் தெரியாது என்று பொருள். இறந்தவர்களின் எண்ணிக்கையே இன்றும் விவாதமாக இருக்கும் ஒரு போரில், இந்த வேறுபாட்டை நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாது.

நாட்களை எண்ணும்போதும் கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20 அன்று. அதை முதல் நாளாகக் கொண்டால் ஆயிரமாவது நாள் 2019 நவம்பர் 16. ஜனாதிபதித் தேர்தல் நடந்ததும் அன்றுதான். ஆனால் ஒரு திகதியிலிருந்து மற்றதைக் கழித்தால் 999 என்றே விடை வரும். தொடக்க நாளும் போராடிய நாள்தான். கழித்தலில் அது விடுபட்டுவிடும். ‘செக்’ இரண்டு முனைகளையும் சேர்த்து 1000 வரிகள் தரும். இதே கணக்கில் இரண்டாயிரமாவது நாள் 2022 ஒகஸ்ட் 12.

மாத இடைவெளியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜனவரி 31 இலிருந்து மாதமொன்றாகக் கேட்டால், 2009 இல் அடுத்த திகதி மார்ச் 3 என்று வரும். பெப்ரவரியில் 31 இல்லை. அதற்கடுத்து மார்ச் 31, பிறகு மே 1. பெப்ரவரியும் ஏப்ரலும் சத்தமில்லாமல் தவறிவிடும். மாதக் கடைசித் திகதிகள் வேண்டுமென்றால், பெப்ரவரி 1 இலிருந்து மாதந்தோறும் முதலாம் திகதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக் கழித்தால் போதும்.

கணினி இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு கொப்பியில் 138 திகதிகளையும் எழுதி, வீட்டில் ஒவ்வொருவரும் நினைவிலுள்ளதை அந்தந்த வரியில் குறிக்கட்டும். நினைவில்லாத வரியை வெறுமையாகவே விடுங்கள். அன்று உங்களோடு அதே தறப்பாளின் கீழ் இருந்த வேறொருவருக்கு அது நினைவிருக்கக்கூடும்.