பாம்பன் தீவும் அதன் தலைநகரும்

வேளாங்கண்ணிக் கரையிலும் அதனை அடுத்த நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி வட்டாரங்களிலும் உள்ள பள்ளிக்கூடங்கள், தை அறுவடை முடிந்து வயல்களில் உளுந்தும் பயறும் பச்சை பிடித்திருக்கும் நாட்களில் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் இடங்களுள் இராமேசுவரம் பிரதானமானது. இரவில் பேருந்து ஏறி, விடியற்காலையில் பாம்பன் பாலத்தைக் கடந்து, அக்கினி தீர்த்தத்திலே கால் நனைத்து, கோயிலின் நெடும் பிராகாரத்தை ஒருமுறை வலம் வந்து, தனுஷ்கோடியிலே படம் பிடித்துக்கொண்டு, அப்துல் கலாம் நினைவகத்தையும் வரிசையாக நின்று பார்த்துவிட்டு, மறுநாள் பொழுது புலருமுன் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுகிறார்கள். காண வேண்டியவற்றில் பெரும்பகுதியைக் கண்டுவிட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், அந்தத் தீவு தேசத்தின் கடைக்கோடி என்றும், பாதை அங்கே போய் நின்றுவிடுகிறது என்றும் எண்ணிக்கொண்டு அவர்கள் திரும்புவதுதான் எனக்கு மனவருத்தம் தருகிறது. பல நூற்றாண்டுகளாக ஜனங்களும் சரக்குகளும் பக்தியும் துயரமும் கடந்து போன வாயில் அது. வாயில் என்ற நினைவோடு பார்க்கும் மாணவனுக்கு அத்தீவின் கல்லும் மணலும் கிணறும் வேறு விதமாகப் பேசும்.

ஆகவே, ஆசிரியர்களுக்கு நான் செய்துகொள்ளும் முதல் விண்ணப்பம், இரவுப் பிரயாணத்தைத் தவிர்த்துப் பகலிலே செல்லுங்கள் என்பது. வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, தஞ்சை நாட்டு யாத்திரிகர்கள் சேது ஸ்நானத்துக்காக நடந்த வழியோடு பல இடங்களில் ஒட்டியே போகிறது. அக்காலத்தில் காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து வருவோரும், சேதுவின் மணலை எடுத்துக்கொண்டு காசிக்குப் புறப்படுவோரும் மாதக்கணக்கில் நடந்தவர்கள். அவர்களுக்குச் சோறும் நிழலும் மருந்தும் கொடுப்பதற்கென்றே தஞ்சை மராத்திய அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் பரிபாலனத்துக்கு நிலங்களை மானியமாக விட்டார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தது. பிள்ளைகளுக்கு உணவளித்துக் கல்வி கற்பித்த பள்ளிக்கூடமும் அதனுள்ளே நடந்தது. கடற்கரையிலுள்ள சேதுபாவாசத்திரத்தின் பெயரைப் பேருந்து நிறுத்தத்தின் பலகையில் இன்றும் படிக்கலாம். நம் வயலில் விளைந்த நெல்லே முன்பின் அறியாத வடநாட்டு வழிப்போக்கனின் இலையில் சோறாக விழுந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

சேதுபாவாசத்திரத்துக்கு அருகிலேயே மனோரா நிற்கிறது. அறுகோண வடிவில் எட்டு நிலைகளாக எழுந்த அந்தக் கோபுரத்தைச் சரபோஜி மன்னர் 1814-ஆம் ஆண்டை ஒட்டி எழுப்பியதற்குக் காரணம், நெப்போலியனுடைய வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாடுவது. மத்தியதரைக் கடலில் கோர்சிக்கா என்னும் தீவின் தலைநகரான அஜாக்சியோவிலே பிறந்து, ஐரோப்பாவையே ஆட்டி வைத்து, அதே 1814-இல் அக்கடலிலேயே எல்பா என்னும் சிறு தீவுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு மனிதனின் தோல்விக்குப் பாக் ஜலசந்தியின் கரையிலே நினைவுச்சின்னம் எழுந்தது என்றால், கடல்வழிகளால் உலகம் அக்காலத்திலேயே எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தது என்பதை விளக்கத் தனியாக ஒரு பாடம் வேண்டியதில்லை. தன் ராஜ்யத்தின் அதிகாரத்தை 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்ட அரசர் அவர்களுடைய வெற்றிக்கு எழுப்பிய கோபுரம் இது என்பதையும் மறைக்க வேண்டாம், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

அந்தப் பிணைப்பு அன்றுதான் தோன்றியதுமன்று. இராமநாதபுரத்துக்கு அருகே, வைகை கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1980-களிலிருந்து நடத்திய அகழாய்வுகளில், மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பப்பட்ட ஜாடிகளின் உடைந்த துண்டுகளும், ரோமானிய நாணயங்களும், கப்பலின் உருவம் கீறிய பானையோடும் கிடைத்திருக்கின்றன. தீவுக்குள் நுழையுமுன் இந்தக் கரையிலுள்ள மண்டபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

மண்டபத்தில் நிலம் முடிகிறது. பாலத்தைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் கடந்து போய்விடும் ஊர் இது; நானோ ஒரு நாழிகையாவது இங்கே நிற்கச் சொல்வேன். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளிகளை, நோய் தொற்றிவிடும் என்ற அச்சத்தினால், கப்பலேற்றுமுன் சில நாட்கள் நிறுத்தி வைத்துச் சோதித்த முகாம் மண்டபத்தில்தான் இருந்தது. அவர்களில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஜில்லாக்காரர்களோடு நமது தஞ்சை ஜில்லாக்காரர்களும் உண்டு. வயலில் கூலி கட்டுபடியாகாமல், கங்காணியின் வாக்கை நம்பிக் குடும்பத்தோடு புறப்பட்டவர்கள் அவர்கள். பின்னர், 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிற்பாடு இலங்கையிலிருந்து உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்த தமிழர்களுக்கும் இதே மண்டபத்தில்தான் அகதி முகாம் அமைந்தது. ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு. போனவர்களையும் அது பார்த்தது, வந்தவர்களையும் பார்த்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டதும் இவ்வூரிலேயே. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போயிற்று. ஆராய்ச்சி மையம் ஒன்று இங்கு நிலைத்திருக்கிறது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு யாத்திரை ஸ்தலமே.

பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் தூண்களை நிறுத்தி, நடுவிலே கப்பல் கடப்பதற்காக இரு பாதிகளாகத் தூக்கி எழுப்பும் இரும்புப் பகுதியை அமைத்திருந்தார்கள். அதனைத் திறக்கும்போதெல்லாம் இருபுறமும் தொழிலாளிகள் நின்று கைவலிமையாலேயே சக்கரங்களைச் சுழற்றினார்கள். நூறாண்டுக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதன் அருகிலே எழுந்து 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மின்விசையால் நேராக மேலே உயருகிறது. சாலைப் பாலம் 1988-இல் வந்தது. அதன்மேல் பேருந்து போகும்போது புதிய ரயில் பாலத்தைப் பார்க்கலாம்.

தீவு மேற்கே பாம்பனிலிருந்து தென்கிழக்கே அரிச்சல்முனை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அக்காள்மடம், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களைக் கடந்தால், தீவு அகன்றிருக்கும் கீழ்ப்பகுதியிலே அதன் தலைநகரான இராமேசுவரம் இருக்கிறது. வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல் ஆழம் குறைந்து அமைதியாயிருக்க, தென்கடல் அலை எறிந்து முழங்குவதால், இவ்விடத்தார் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்லுவர். அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டுகள் வரிசையாக மன்னார்த் தீவை நோக்கிப் போகின்றன. இராமபிரான் கட்டுவித்த சேது என்று கோடிக்கணக்கானோர் வணங்குவது இதுதான். பெரிய கப்பல்கள் இந்த ஆழமற்ற நீரில் நுழைய முடியாமல் இலங்கையையே சுற்றிக்கொண்டு போகின்றன.

நகரத்துக்குள் போகுமுன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். ஆற்று நீரை நம்பி வாழும் நமக்கு இத்தீவு கற்பிக்கும் தலையாய பாடம் இது என்பது என் எண்ணம். இங்கே ஆறு கிடையாது. சுற்றிலும் உப்புக் கடல். இருந்தும், கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்கள் இருக்கின்றன; தனுஷ்கோடியின் வெறும் மணலில், கடலுக்கு அத்தனை அருகில், கையளவு ஆழத்துக்குச் சற்றே கூடத் தோண்டினாலும் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. வடகிழக்குப் பருவமழையின் நீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மீது பாலின்மேல் ஆடை படிந்ததுபோல மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்று நீரியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றுகிறது: மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், கீழிருந்து உப்பு நாற்பதடி எழும்பி வந்துவிடும். வேளாங்கண்ணியின் மணற்பாங்கான கொல்லைக் கிணறுகளுக்கும் இதே நியதிதான்.

கோயிலின் மூன்றாம் பிராகாரம் உலகப் பிரசித்தி பெற்றது. 1,212 தூண்கள் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. கிழமேலாக ஏறக்குறைய 690 அடி, தென்வடலாக 435 அடி. இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த திருப்பணி 18-ஆம் நூற்றாண்டில், முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் நிறைவெய்தியது. தூண்களை எண்ணுவதைக் காட்டிலும் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மணலும் பவளப்பாறையுமாகவே ஆன இத்தீவில் கருங்கல் ஏது? பாலமே இல்லாத காலத்தில் இத்தனை பாறைகளையும் கடலைத் தாண்டிக் கொண்டு வந்தவர்கள், கல்தச்சர்களுக்கு நிகராகப் போற்றத்தக்க படகோட்டிகள். அவர்களுடைய பெயர்கள் எந்தத் தூணிலும் இல்லை.

படகோட்டிகளின் மரபில் வந்த ஒருவர் பெயரைத்தான் இன்று உலகம் அறியும். கோயிலுக்குச் சிறிது தூரத்திலுள்ள பள்ளிவாசல் தெருவில் 1931 அக்டோபர் 15-ஆம் தேதி பிறந்த அப்துல் கலாமின் தந்தையார், யாத்திரிகர்களை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லும் மரப்படகு ஒன்றைக் கட்டி ஓட்டியவர். கோயிலின் தலைமை அர்ச்சகர் பக்ஷி லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராமேசுவரத்தில் ரயில் நிற்பது ரத்தாகி, பத்திரிகைக் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வெளியே எறியப்பட்டபோது, அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க உதவியதே தமது முதல் சம்பாத்தியம் என்று ‘அக்கினிச் சிறகுகள்’ என்ற சுயசரிதையில் கலாம் எழுதியிருக்கிறார். தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே விளங்கும் நாகூர், வேளாங்கண்ணி, சிக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அத்தெருவின் வாழ்க்கை அன்னியமாய்த் தோன்றாது.

வேறொரு பெரியாரும் இவ்வழியே வந்தார். மத்தியதரைக் கடல் துறைமுகமான நேப்பிள்ஸில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வழியாகப் பயணம் செய்த விவேகானந்தர், 1897 ஜனவரியில் தாய்நாட்டு மண்ணில் முதலில் கால் வைத்தது பாம்பனில். பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வணங்கினார். குந்துகாலில் உள்ள அவருடைய நினைவு மண்டபத்துக்குக் கூட்டம் குறைவு. அமைதியாக உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம்.

பாம்பன், சின்னப்பாலம் முதலிய கரைகளில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களைக் காணாமல் திரும்புவது பெருங்குறை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் படர்ந்த கடற்பாசியைப் பறித்து வருகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் அகர் என்னும் பசை இனிப்புப் பண்டங்களிலும் மருந்துச் சோதனைச் சாலைகளிலும் பயன்படுகிறது. பாசி மீண்டும் வளர அவகாசம் கொடுக்க வேண்டி, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்று இப்பெண்கள் தங்களுக்குத் தாங்களே நியமம் விதித்துக்கொண்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதனால், பாட்டி காலத்திலிருந்து போய்வந்த திட்டுகளுக்குள் போவது சட்டவிரோதமாகிவிட்டது. பவளத்தையும், ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவையும் காப்பது அவசியமே. காப்பவர்களின் வரிசையில் இப்பெண்களையும் சேர்த்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்பது என் கட்சி. ஆவுளியாவைக் காக்க 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருப்பதால், இந்த விவகாரம் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

கடைசியாகத் தனுஷ்கோடி. சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் இங்கே வந்து நிற்க, பிரயாணிகள் இறங்கி நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போவார்கள். 1914-இல் தொடங்கிய ஏற்பாடு இது. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் நிலையம், தேவாலயம் என்று ஒரு நகரத்துக்குரிய அனைத்தும் அங்கே இருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் கடல் பொங்கி, நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு விழுங்கிற்று. கலாமின் தந்தையார் கட்டிய படகை முன்னொரு புயல் கொண்டுபோனதுபோல, இப்புயல் ஊரையே கொண்டுபோயிற்று. பாம்பன் பாலத்தின் சிதைந்த பகுதிகளை இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் செப்பனிட்டார். தனுஷ்கோடி நகரமோ வசிக்கத் தகாத இடமென்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் கரைவலை இழுக்கும் மீனவக் குடும்பங்கள் குடிசை கட்டிக்கொண்டு இன்றும் அங்கே இருக்கின்றன. இடிந்த தேவாலயச் சுவரின்முன் படம் பிடிக்கும் பிள்ளைகளிடம், அவ்வீடுகளில் ஒன்றிலே தண்ணீர் வாங்கிக் குடித்து, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லுவது வழக்கம்.

தலைமன்னார்க் கப்பல் சில ஆண்டுகள் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980-களில் இலங்கைப் போர் மூண்டதும் நின்றுபோயிற்று. இன்று அத்தீவிலிருந்து அக்கரைக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு ஒரு பிரயாணிக் கப்பல் புறப்பட்டது. இடையிலே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. வேளாங்கண்ணியிலிருந்து அந்தத் துறைமுகம் ஒரு மணி நேரப் பிரயாணம்கூட இல்லை. சுற்றுலாவுக்குப் புறப்படும் நாளிலோ, திரும்பி வந்த வாரத்திலோ, பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போய், கப்பல் எப்போது புறப்படுகிறது, யார் யார் ஏறுகிறார்கள், என்னென்ன மூட்டை கொண்டு போகிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லலாம்.