கம்பியூட்டர் அறையில் இரண்டாவது ஹப்



தோட்டத்துக் கம்பியூட்டர் அறைக்கு நன்கொடையாக வந்த பழைய ஹப் பெட்டியில் எட்டு வயர்தான் செருகலாம். கம்பியூட்டரோ பன்னிரண்டு. ஆகவே இன்னொரு பழைய ஹப்பையும் அதோடு சேர்த்தோம். அதில் நாங்கள் படித்துக்கொண்டதைச் சொல்கிறோம்.

ஹப் என்பது பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது மாதிரி. ஒருவரைக் கூப்பிட்டாலும் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் விளங்காது, திரும்பச் சொல்ல வேண்டும். கம்பியூட்டர் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும்.

ஒரு ஹப்பில் 'அப்லிங்க்' என்று எழுதிய துளையிலிருந்து மற்ற ஹப்பின் சாதாரணத் துளைக்கு ஒரு வயர் போட வேண்டும். அந்தத் துளை இல்லாவிட்டால் 'குரோஸ்ஓவர்' வயர் கேட்டு வாங்குங்கள். எந்த வயரும் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. 10 மெகாபிட் ஹப் என்றால், எந்த இரண்டு கம்பியூட்டருக்கும் இடையில் நான்கு ஹப் வரைதான். 100 மெகாபிட் என்றால் இரண்டுக்கு மேல் கூடாது.

வேகம் கூடும் என்று நினைத்து இரண்டு ஹப்புக்கும் இடையில் இன்னொரு வயரும் போட்டோம். அதுதான் பிழை! சேதி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாக் கம்பியூட்டரும் நின்றுவிட்டன. பிள்ளைகளின் அன்றைய வகுப்பும் போய்விட்டது. அந்த வயரைக் கழற்றியதும் சரியானது.

இப்போது கடைகளில் கிடைப்பது சுவிட்ச் பெட்டி. தபாலை உரிய காம்பிராவில் கொடுப்பது போல, அது சேதியை உரிய கம்பியூட்டருக்கே அனுப்பும். புதிதாக வாங்குவதானால் சுவிட்ச்சையே வாங்குங்கள். விலை குறைவென்று பழைய ஹப்பை வாங்கி, வியர்வை சிந்திய காசை வீணாக்க வேண்டாம். சாதாரண சுவிட்ச்சிலும் வட்டமாக வயர் போடாதீர்கள்!