நெடுநடையும் செல்போனும்

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நம் கல்கத்தாவிலிருந்துதான் கிளம்பியது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, அப்போதைய முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அன்று பணக்காரர் கையில் மட்டும் இருந்த பொருள், இன்று டோலி தூக்கும் கூலியாளின் இடுப்பிலும் இருக்கிறது. கடைத்தெருவில் அதன் பயன் என்ன என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலையிலும் காட்டிலும் நாள் முழுக்க நடக்கும்போது அது எந்த அளவுக்குத் துணை, எந்த இடத்தில் கைவிடும் என்பதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன், பாத்திர வியாபாரி. நடந்ததையும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் பக்கத்து இரண்டு நடைகள்

கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு நெடுநடைகள் உண்டு. ஒன்று ஜார்க்கண்டில், கிரீடி மாவட்டத்தில் உள்ள பாரஸ்நாத் மலை. நாங்கள் சம்மேத சிகரம் என்போம். இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களில் இருபதுபேர் வீடுபேறு அடைந்த மலை. சந்தால் மக்களுக்கும் அது தெய்வமலை. மராங் புரு என்று வணங்குகிறார்கள். ஹௌராவிலிருந்து ரயிலில் பாரஸ்நாத் ஸ்டேஷனில் இறங்கி, மதுபன் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து ஏற்றம் 9 கி.மீ., மேலே சிகரங்களைச் சுற்றிவர 9 கி.மீ., இறக்கம் 9 கி.மீ., ஆக 27 கி.மீ. என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே புறப்பட்டுவிடுவார்கள்.

மற்றது டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ வரை போகும் நடை. 3,636 மீட்டர் உயரம். மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். நம் இளைஞர்கள் நான்கைந்து நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய்விடுகிறார்கள். "போன் இருக்குல்ல, என்ன பயம்?" என்று அவர்கள் சொல்வதும், வீட்டில் தாயார் மூன்று நாள் போன் வராமல் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதும் நாம் பார்க்கிற காட்சிதான்.

டவர் என்னும் கடன்காரர்

செல்போன் தனியாக ஒன்றும் செய்யாது. அது பக்கத்தில் உள்ள டவரோடு ரேடியோ அலையில் பேசுகிறது. நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் அலை தடைப்படும். ஆகவேதான் பள்ளத்தாக்கில் செத்துக் கிடந்த போன், முகட்டில் ஏறியதும் உயிர் பெற்று ஐந்தாறு மெசேஜைக் கொட்டுகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டவர் கிடைக்காத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. டவர் எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கும். தூரத்து டவரோடு பேசும்போது சக்தியைக் கூட்டிக் கூட்டிக் கத்தும். பையில் தூங்குகிற போன் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். வியாபாரத்தில் கடன் வசூலாகாத ஊருக்குத் தினமும் ஆள் அனுப்பினால் வண்டிச் சத்தம்தான் மிச்சம். அதுபோல, டவர் இல்லாத பாதையில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். மணிக்கொரு தரமோ, முகடு வரும்போதோ மட்டும் திறந்து பாருங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி டவர் உள்ள இடம் வேறுபடும். நாலுபேர் போனால் நாலுபேரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. பழைய பட்டன் போன் ஒன்றைத் துணைக்கு எடுத்துப்போவது நல்லது, நாள்கணக்கில் சார்ஜ் நிற்கும். ஆனால் அது பழைய 2ஜி போனாக இருந்தால் ஜியோ சிம் அதில் பேசாது. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. இதை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வழிகாட்டும் ஜி.பி.எஸ்.

டவர் இல்லாவிட்டால் மேப்பும் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நம் போன் அவற்றோடு பேசுவதில்லை. அவை சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவே. நான்கு கோள்களின் குரல் கேட்டால் போதும், நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். இன்றைய போன்களில் ஏரோப்ளேன் மோடிலும் இது நடக்கும். டவர் உதவி இல்லாதபோது முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிடம் பிடிக்கலாம். திறந்த வெளியில் நின்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் இடம் தெரிந்தால் போதுமா? மேப் படம் இன்டர்நெட்டிலிருந்து வருவது. வீட்டிலிருக்கும்போதே அதை இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால், வெறும் சாம்பல் நிறக் கட்டத்தில் நீலப்புள்ளி மட்டும் தெரியும். கூகுள் மேப்பை இறக்கி வைத்தாலும், இன்டர்நெட் இல்லாதபோது நடப்பவருக்கு வழி சொல்லாது, வண்டிக்குத்தான் சொல்லும். காட்டு ஒற்றையடிப் பாதைகள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்துச் செய்த ஆப்களில் பெரும்பாலும் நன்றாகக் கிடைக்கின்றன.

எந்த மேப்பும் நேற்றைய மழையில் சரிந்த பாதையைச் சொல்லாது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடக்கும்போது, எதிரே வந்த மாங்காட்டு மறையவனிடம்தானே வழி கேட்கிறார்கள்? வழி மூன்றாகப் பிரியும் என்றும், ஒவ்வொன்றிலும் என்னென்ன இடையூறு என்றும் அவன் விரித்துச் சொல்கிறான். அந்த வழக்கம் இன்றும் பழுதில்லை. எதிரே இறங்கி வருகிறவரை நிறுத்தி, "தாதா, மேலே தண்ணீர் இருக்கா, பாதை சரியா?" என்று கேட்பது எந்த ஆப்பும் தராத செய்தியைத் தரும்.

குளிரும் பேட்டரியும்

லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உள்ளே நடக்கும் ரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடும். 40 சதவீதம் காட்டிய போன் திடீரென்று அணைந்துவிடுவது இதனால்தான். உடல் சூட்டில் வைத்தால் பல சமயம் மறுபடி எழுந்துகொள்ளும். பகலில் உள்சட்டைப் பையிலும், இரவில் ரஜாய்க்குள்ளும் போனையும் பவர் பேங்கையும் வைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடுவது பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். சூடேற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

பவர் பேங்கில் 10,000 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அத்தனையும் போனுக்குப் போய்ச் சேராது. உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட். மாற்றும்போது கழிவும் உண்டு. போய்ச் சேருவது சுமார் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 பேட்டரி போனுக்கு ஒரு தடவையும் கொஞ்சமும்தான். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு டார்ச்சும் படப்பிடிப்பும். சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு பேராகப் பாரஸ்நாத் போனோம். மேலே போனபின் சந்திரப்பிரபர் சிகரம் தள்ளி இருப்பதால் சிலர் அங்கே போனார்கள், சிலர் பார்சுவநாதர் சிகரத்துக்கு நேரே போனார்கள். பிரியும்போது எங்கே எத்தனை மணிக்குக் கூடுவது என்று யாரும் பேசவில்லை. "போன் பண்ணிக்கலாம்" என்றார்கள். ஒரு வயதான தம்பதி மட்டும் வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். விடியற்காலை ஏற்றம் முழுதும் அந்த போனையே டார்ச்சாகப் பிடித்து வந்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு டோலிக்காரர் சொல்லித்தான், அவர்கள் வேறு கூட்டத்தோடு இறங்கிவிட்டது தெரிந்தது. மகள் கல்கத்தாவிலிருந்து "மாமா, அம்மா எங்கே?" என்று அழுத குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஐம்பது ரூபாய் டார்ச் ஒன்று தனியாக இருந்திருந்தால் இத்தனை பாடில்லை. அன்று முதல் எங்கள் குழுவில், கூடும் இடமும் நேரமும் வாயால் சொல்லாமல் யாரும் பிரிவதில்லை.

எல்லைப்புறக் கணக்குகள்

சந்தக்பூ பாதை இந்திய, நேபாள எல்லையை ஒட்டிப் போகிறது. தங்குமிடமான தும்லிங் நேபாளத்தில்தான் இருக்கிறது. நம் போன் தானாகவே நேபாள டவரைப் பிடித்துவிடும். பிடித்தால் இரண்டு விளைவு. ஒன்று, ரோமிங் கட்டணம். டேட்டா ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள். மற்றது வேடிக்கையானது: நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தியது, ஆகவே போன் கடிகாரம் திடீரென்று கால்மணி நேரம் தாவும். கைக்கடிகாரம் கட்டியவர் ஒன்று சொல்ல, போன்காரர் வேறொன்று சொல்ல, சண்டையே வந்துவிடும்.

அமர்நாத் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் செய்யும். யாத்திரைக் காலத்தில் சில நாளுக்கு மட்டும் செல்லும் சிம் அங்கே விற்பார்கள். 2022 முதல் யாத்ரீகர் கழுத்தில் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை கட்டாயம், அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே மலையேறுகிறவர்கள் சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியும் சர்வசாதாரணமாக வைத்திருப்பார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்றவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டார் உண்டு. வரும்போதே வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆபத்து வந்தால்

எண் 112. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 2018 முதல் மாநிலம் மாநிலமாக வந்தது. போனில் "எமர்ஜென்சி கால்ஸ் மட்டும்" என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். நம் கம்பெனி டவர் இல்லை, ஆனால் வேறொருவர் டவர் கிடைக்கிறது என்று அர்த்தம். அதன் வழியாக 112 போகும்.

பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிற இடத்தில் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அது மிகச் சிறிய செய்தி. ஒரு நொடி டவர் கிடைத்தாலும் போய்விடும். வாட்ஸ்அப்புக்கு இன்டர்நெட் வேண்டும், இதற்கு வேண்டாம். செய்தியில் யார், என்ன ஆயிற்று, எத்தனை பேர், எந்த இடம் என்று நான்கும் இருக்கட்டும். இடத்துக்கு ஜி.பி.எஸ். காட்டும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். பாரஸ்நாத் உச்சி சுமார் 23.96 வடக்கு, 86.14 கிழக்கு. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடம் சிக்கும்.

இதைவிட முக்கியம் வீட்டோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். எந்த வழி, எத்தனை நாள், எந்த ஊரிலிருந்து கூப்பிடுவேன், எந்த நாள் எந்த மணிக்குப் பின் செய்தி இல்லாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படிக் கொடுத்தால், நடுவில் போன் வராத நாட்களில் வீட்டார் வீணாகக் கலங்கமாட்டார்கள். உண்மையிலேயே ஆபத்து வந்தால் தாமதிக்கவும் மாட்டார்கள். செல்போன் வந்தபின் இந்தக் காகிதம் எழுதும் வழக்கம் ஒழிந்து போனதுதான் பெரிய நஷ்டம்.

கண்ணும் காதும்

எங்கள் சமயத்தில் துறவிகளுக்கு ஈர்யா சமிதி என்று ஓர் ஒழுக்கம் உண்டு. நடக்கும்போது முன்னே நான்கு முழம் நிலத்தைப் பார்த்து, உயிர் எதையும் மிதிக்காமல் நடக்க வேண்டும். நான்கு முழம் என்றால் ஆறடி. அது எறும்புக்குக் காட்டும் கருணை மட்டும் அல்ல. பள்ளத்தில் விழாமல் நம்மையும் காக்கிறது. ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே மலை இறங்குகிறவருக்கு இந்த ஆறடி இல்லை. பார்க்க வேண்டுமா, நில்லுங்கள். பார்த்து முடித்துப் பையில் போட்டபின் அடுத்த அடி வையுங்கள். செல்பிக்காகப் பின்னோக்கி அடி வைப்பது எந்த மலையிலும் கூடாது.

அடுத்தது சத்தம். பாரஸ்நாத்தைச் சுற்றுலாத்தலம் ஆக்குவதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குப் பின், 2023 ஜனவரியில் மத்திய அரசு பிறப்பித்த ஆணையில், மது, மாமிசம் முதலியவற்றோடு பெரும் சத்தத்தில் பாட்டு வைப்பதும் அந்த மலையில் தடுக்கப்பட வேண்டியதாகச் சொல்லப்பட்டது. பக்திப் பாட்டாகவே இருந்தாலும் அடுத்தவர் காதில் ஊற்ற நமக்கு உரிமை இல்லை. காட்டில் சத்தம் போடுவது அங்குள்ள உயிர்களுக்கும் இம்சைதான்.

திகம்பர முனிவர்கள் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும் கொண்டு நாடு முழுதும் நடக்கிறார்கள். இல்லறத்தாராகிய நமக்கு அது இயலாது. நமக்கென்று அருங்கலச்செப்பு போன்ற நூல்கள் சொல்வது தேசவிரதம்: இன்ன காலம் வரை இன்ன எல்லை தாண்டேன் என்று நாமே வரையறுத்துக்கொள்வது. நடையில் போனுக்கும் அப்படி ஒரு எல்லை வைக்கலாம். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் வீட்டுக்குச் செய்தி. வழி பார்க்கத் தேவையானபோது ஜி.பி.எஸ்.; மீதி சார்ஜ் முழுதும் ஆபத்துக்கென்று ஒதுக்கிய முதல். முதலில் கை வைக்காத வியாபாரி நொடிப்பதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் நம் சங்கத்து அன்பர்கள் பலர் நடைக்குப் புறப்படுவார்கள். தனி டார்ச், இறக்கிவைத்த மேப், வீட்டில் எழுதிக் கொடுத்த காகிதம் இந்த மூன்றும் இருக்கிறதா என்று படியிறங்குமுன் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் நலமாக ஏறி நலமாக இறங்குக.