தேநீர்க் கடைக்காரர்கள் கட்டிய கணினி

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929இல். தோட்டங்களில் காலைப் பெரட்டில் பெயர் பதிந்து, பறித்த கொழுந்தின் எடையைக் குறித்து, மாதக் கடைசியில் முன்பணம் கழித்துச் சம்பளம் போடுவது கிராணியின் வேலை. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்ததும் அவருடைய பேரேட்டில் இன்னொரு பிடித்தமும் ஏறியது.

அதே 1951 நவம்பரில், இப்படிப்பட்ட அலுவலகக் கணக்குக்கென்றே லண்டனில் ஒரு கணினி வேலையைத் தொடங்கியது. கட்டியவர்கள் தேயிலை விற்று, தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனத்தார். கணினியின் பெயர் லியோ. முதலில் ரொட்டி, கேக் கணக்கு. பிறகு சம்பளம், தேயிலைக் கலவைக் கணக்கு.

முதல் தலைமுறைக் கணினிகளுக்கு உயிர் வெற்றிடக் குழாய். பழைய வானொலிப் பெட்டியில் ஒளிருமே, அதே இனம். லியோவில் ஏறக்குறைய 6,000 இருந்தன. பற்சக்கரம் சுழலத் தேவையில்லை, மின்னோட்டமே கணக்கிடும். வேகத்துக்கு அதுதான் காரணம். ஓர் எழுத்தர் 8 நிமிடம் செலவிட்ட ஒருவரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது.

நினைவகம்தான் விந்தை. எண்கள் ஒலியலைகளாகிப் பாதரசக் குழாய்க்குள் ஓடும். மறுமுனையில் பிடித்து, வலுவூட்டி, மறுபடி முதலிலிருந்தே ஓடவிடுவார்கள். சாமான் பட்டியலை மறக்காமலிருக்க முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போகும் பிள்ளையைப் போல. இத்தனை பாடுபட்டும் கொள்ளளவு சில கிலோபைட்தான்!

வெற்றிடக் குழாய்கள் சூடாகும், அடிக்கடி பழுதாகும். பொறியாளர் ஜான் பிங்கர்ட்டன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கி, பலவீனமான குழாய்களை வேலைக்கு முன்பே கண்டுபிடித்து மாற்றவைத்தார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் பக்கத்திலேயே ஆள் காவலிருக்க வேண்டிய இயந்திரம் அது.

என் கணிப்பில் இதைவிடப் பெரிய குறை வேறு. கணக்கு நொடியில் முடியும். விவரத்தை உள்ளே கொடுத்து விடையை வெளியே எடுப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். முதலில் முயன்ற காந்த நாடா கைகொடுக்கவில்லை. துளையட்டைகளையும் துளைநாடாவையும் நம்பி, 1954இல்தான் சம்பளப் பட்டியலை முழுமையாக லியோவிடம் ஒப்படைத்தார்கள்.

1965 வரை அது உழைத்தது. கேமரன் மலைக் கிராணிக்கு அப்படியொன்று கிடைத்திருந்தாலும் பயனில்லை. ஒரு தோட்டத்துச் சம்பளத்துக்காகப் பெரிய கூடமும் பொறியாளர் குழுவும் வைத்துக் கட்டுப்படியாகாது. குழாய் போய் டிரான்சிஸ்டரும், பின்னர் சில்லும் வந்த பிறகே கணினி தோட்ட அலுவலக மேசைக்கு ஏற்றதாயிற்று.