சித்திரப் பாவைகளும் நம் கண்ணீரும்

கோடும் வர்ணமுமேயன்றி உயிரென்பது அணுவளவும் இல்லாத பாவைகளின்பொருட்டு, வயதுவந்த மாணவர் நால்வர் ஒரு மழைநாளிரவில் விடுதி அறையிலே வாய்திறவாது உட்கார்ந்திருந்தோமென்றால் நேயர்கள் நகைப்பார்கள். யாமும் முதலில் நகைத்தே தொடங்கினோம். படம் முடிந்து விளக்கேற்றியபோது ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கக் கூசினோம். அவ்வாறு நேர்ந்தமைக்குக் காரணம் யாதென ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

அப்படம் 2007-ஆம் ஆண்டு ஜப்பான் தேசத்தில் வெளிவந்தது. 'வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்' என்பது அதன் பெயர். இயற்றியவர் மகோதோ ஷின்காய் என்பார். 1973-இல் நாகனோ மாகாணத்திற் பிறந்த இவர், கணினி விளையாட்டுக்கள் செய்யும் கம்பெனியொன்றில் ஊழியம் பார்த்தவர். 2002-இல் குறும்படமொன்றைப் பெரும்பாலும் தனியொருவராகவே வரைந்து முடித்துப் பெயர்பெற்றவர். ஈண்டு யாம் கூறும் படம் ஒருமணி நேரத்திற்குச் சற்றே அதிகமாக ஓடுவது, மூன்று பாகங்களையுடையது.

தகாகி என்னும் சிறுவனும் அகாரி என்னும் சிறுமியும் டோக்கியோவில் ஒரே பள்ளியிற் பயின்றவர்கள். இருவரும் உடல்வலிமை குன்றியவர்களாதலால், விளையாட்டு மைதானத்தைவிட நூல்நிலையமே அவர்களுக்கு உவப்பாயிருந்தது. அகாரியின் குடும்பம் டோச்சிகி மாகாணத்திற்குக் குடிபெயர்கின்றது. சிலகாலம் கடிதங்கள் செல்கின்றன. பின்னர்த் தகாகியின் குடும்பமும் தென்கோடியிலுள்ள ககோஷிமாவுக்குப் போக நேரிடுகிறது. அதற்குமுன் ஒருமுறை அவளைக் காணவேண்டுமென்று, பதின்மூன்று வயதுப் பாலகன் மார்ச்சு மாதத்து மாலையொன்றில் தனியே ரெயிலேறுகின்றான். பனி பெய்கின்றது. வண்டி நின்று நின்று செல்கின்றது. அவளிடம் கொடுக்க எழுதிவைத்திருந்த கடிதத்தை, வண்டி மாறுமிடத்தில் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றது. குறித்த நேரம் இரவு ஏழுமணி. அவன் இவாஃபுனே நிலையத்தை அடைவதோ பதினொருமணிக்குப் பின். அவள் வீடுதிரும்பியிருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் அவன் உள்ளம் வேண்டுகின்றது. அவளோ கணப்பின் அருகே, தான் சமைத்த உணவை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து அமர்ந்திருக்கின்றாள்.

இவ்விடத்திலேதான் எம்முள் முதலில் நகைத்தவர் மௌனமாயினார்.

காதலின் வீழ்ச்சியைக் கூறும் கதைகளில் தந்தையின் சினமோ, குலப்பகையோ, கொடுநோயோ தடையாக நிற்றல் வழக்கம். இப்படத்தில் அத்தகைய பகைவன் ஒருவனுமில்லை. பெற்றோரின் இடமாற்றமும், ரெயிலின் தாமதமும், ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தொலைவுமே பகை. குற்றவாளி இருப்பின் அவனை வெறுத்தாவது நாம் ஆறுதலடையலாம். இங்கே வெறுப்பதற்கு ஒருவருமின்மையால் துக்கம் வெளியேற வழியின்றி நெஞ்சிலேயே தங்கிவிடுகின்றது. அன்றிரவு பனிபோர்த்த செர்ரி மரத்தடியில் முத்தமிட்டுக்கொண்ட அவ்விருவரும் மறுநாட்காலை பிரிகின்றனர். அவளும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள், அவளும் கொடுக்கவில்லை.

படத்தின் பெயர் செர்ரி இதழ் உதிரும் வேகத்தைக் குறிப்பதாக அகாரி கூறுகின்றாள். எம்முள் பௌதிகம் பயில்பவர் இதனை ஒப்பவில்லை. மூன்று மீட்டர் உயரக் கிளையினின்று அவ்வேகத்தில் இதழ் வீழுமாயின் தரையைத் தொட ஒருநிமிஷம் ஆகுமே என்று கணக்கிட்டுக் காட்டினார். கணக்குச் சரியே. ஆயினும் சிறுமியொருத்தி சொன்னதைச் சரிபார்க்க எண்ணாமல் அச்சிறுவன் பல்லாண்டுகள் நினைவில் வைத்திருந்தான் என்பதன்றோ ஈண்டுக் கருதத்தக்கது?

இரண்டாம் பாகம் ராக்கெட் ஏவுதளம் அமைந்த தனேகாஷிமா தீவில் நிகழ்கின்றது. கனாயே என்னும் மாணவி தகாகியை நேசிக்கின்றாள். அவனோ கைப்பேசியிற் செய்திகளை எழுதி, ஒருவருக்கும் அனுப்பாது அழித்துவிடுகின்றான். ராக்கெட் ஒன்று புகையைக் கக்கி விண்ணிற் செல்லும்போது, அவன் பார்வை தன்னைக் கடந்து எங்கோ நெடுந்தொலைவில் உள்ளதென அவள் உணர்கின்றாள்; சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்புகின்றாள். எம் கருத்தில் படத்தின் மிகச் சிறந்த பாகம் இதுவே. கனாயேக்குப் பின்னர் நேர்ந்தது யாதென ஆசிரியர் கவலைப்படாதது எமக்குக் குறையாகவே தோன்றுகின்றது. மூன்றாம் பாகமும் மிக விரைந்து செல்வது; மசயோஷி யமசாகி 1997-இல் வெளியிட்ட பாட்டொன்று கதையின் வேலையைத் தானே செய்துவிடுகின்றது.

இனி, சித்திரம் எவ்வாறு நம்மை அழச்செய்கின்றதெனில், ஷின்காய் மெய்யான இடங்களைப் புகைப்படமெடுத்து, அவற்றைக்கொண்டே வானத்தையும் நிலையங்களையும் தெருவிளக்குகளையும் நுணுக்கமாகத் தீட்டுவிக்கின்றார். முகங்களோ சில கோடுகளேயாம். நடிகர் முகம் இன்னார் முகமென நம் மனத்தைத் தடுக்கும். வெறுங்கோட்டு முகத்திலோ நமக்குத் தெரிந்த ஒருவரை வைத்துப்பார்க்க இடமுண்டு. பொருள்களின் நிலையாமை கண்டு உள்ளம் கனிதலை ஜப்பானியர் 'மோனோ நோ அவாரே' என்பர்; பதினெட்டாம் நூற்றாண்டில் மோத்தோஓரி நோரினாகா என்னும் அறிஞர் இதனை இலக்கியத்தின் உயிரெனப் போற்றினார். அணையும் சமிக்ஞை விளக்கும், காலியான நடைமேடையும் படத்தில் அழுவனபோல் தோன்றுவது அம்மரபின் பயனே.

இறுதியில், வளர்ந்த தகாகியும், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட அகாரியும் டோக்கியோவில் ஒரு ரெயில் கேட்டில் எதிரெதிரே கடக்கின்றனர். இருவரும் திரும்பும் தறுவாயில் இரு வண்டிகள் குறுக்கே ஓடுகின்றன. அவை சென்றபின் அப்புறம் ஒருவருமில்லை. அவன் இலேசாகப் புன்முறுவல் செய்து தன்வழி நடக்கின்றான்.

"எழுதியிருக்கலாமே! தபாற்செலவுக்குப் பணமில்லையோ?" என்று எம்முள் ஒருவர் சற்றுக் கோபமாகவே வினவினார். மற்றையோர் விடையிறுக்கவில்லை. பழைய பள்ளித் தோழர்க்கு, 'நாளை எழுதுவோம்' என்று விட்ட கடிதம் ஒவ்வொருவரிடத்தும் ஒன்றிருந்தது. வினவியவரும் சிறிதுநேரத்தில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்திற்குச் சென்றார். மழை விட்டபின்னரே திரும்பினார். எழுதியதை அனுப்பினாரோ, அழித்தாரோ, யாம் கேட்கவில்லை.